வக்கீல் வைக்கக் காசில்லை என்று கடிதத்தை மடித்து வைக்காதீர்கள்: அமெரிக்க இயலாமை உதவித்தொகைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நியூஜெர்சியில் என் அண்ணன் வீட்டுச் சமையலறையில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த முருகன் காலண்டர் ஒன்று தொங்குகிறது. எந்தக் கடிதம் வந்தாலும் அண்ணன் அதன் பின்னால் சொருகி வைப்பார். 2023 மார்ச்சில் மின்கட்டண ரசீதைத் தேடிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து ஒரு நீளக் கடிதம் என் கைக்கு வந்தது. அமெரிக்க அரசின் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் 2021 டிசம்பரில் அனுப்பியது. உங்கள் இயலாமை உதவித்தொகை மனு நிராகரிக்கப்பட்டது, மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு என்று அதில் இருந்தது. ஒன்றேகால் வருடம் அது முருகனுக்குப் பின்னால் பத்திரமாக இருந்திருக்கிறது.

“ஏன் அண்ணா என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“மேலே போக வேண்டுமென்றால் வக்கீல் வைக்க வேண்டுமாம். ஒரு மணி நேரத்துக்கு நானூறு டாலர் கேட்பார்களாம். அந்தப் பணம் கையில் இருந்தால் நான் ஏன் மனுப் போடுகிறேன்?”

அண்ணன் கிடங்கில் பெட்டி தூக்கியவர். 2021 பிப்ரவரியில், 52 வயதில், பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, இடது கை திரும்பவில்லை. அவருக்கு வக்கீல் கட்டணம் பற்றி யாரோ சொன்னது முழுத் தவறு. அந்தத் தவறு அவருக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று பிற்பாடு கணக்குப் போட்டேன். முதல் மனு நிலைத்திருந்தால் 2021 ஆகஸ்டிலிருந்து பணம் சேர்ந்திருக்கும். 60 நாளைத் தவறவிட்டதால் 2023 மார்ச்சில் புது மனுப் போட வேண்டியதாயிற்று. புது மனு அதிகபட்சம் 12 மாதம்தான் பின்னோக்கிப் போகும். ஆக 2022 மார்ச்சுக்கு முந்தைய ஏழு மாதம் போயிற்று. மாதம் 1,540 டாலர் வீதம் 10,780 டாலர். பழைய மனுவைத் திறக்கச் சொல்லி வக்கீல் பிறகு கேட்டுப் பார்த்தார்; நீதிபதி ஒப்பவில்லை. கடைசியில் வக்கீல் வாங்கிய தொகையே 9,200 டாலர்தான்.

இனி, அந்தக் காலண்டருக்குப் பின்னால் கடிதம் வைத்திருப்பவர்களுக்காக.

எந்தத் தொகைக்கு மனு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சோஷியல் செக்யூரிட்டி தரும் இயலாமைத் தொகை இரண்டு வகை. எஸ்.எஸ்.டி.ஐ. என்பது நீங்கள் சம்பளத்தில் கட்டிய வரிக்குக் கிடைக்கும் காப்பீடு. பொதுவாக 40 உழைப்புப் புள்ளிகள் வேண்டும். அவற்றில் 20 கடைசிப் பத்து ஆண்டுகளில் சேர்ந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு புள்ளிகளுக்கு மேல் சேராது. இளவயதில் நோயுற்றவர்களுக்குக் குறைவாகப் போதும். எஸ்.எஸ்.ஐ. என்பது வேறு: வருமானமும் சேமிப்பும் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு. 2025-ல் தனிநபருக்கு மாதம் 967 டாலர் அதன் உச்சம்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் மூன்று கேள்விகளை இங்கேயே முடித்துவிடுகிறேன். எச்-1பி விசாவில் உழைத்த ஆண்டுகளும் எஸ்.எஸ்.டி.ஐ. கணக்கில் சேரும், ஆனால் இங்கே இருந்துகொண்டு பணம் வாங்குவதானால் சட்டப்படி தங்கியிருக்க வேண்டும். சென்னையில் பி.எஃப். கட்டிய ஆண்டுகள் சேராது, ஏனென்றால் இந்தியாவோடு அமெரிக்காவுக்கு அதற்கான ஒப்பந்தம் இல்லை. கிரீன் கார்டில் அழைத்து வந்த வயதான பெற்றோருக்கு எஸ்.எஸ்.ஐ. உடனே கிடைக்காது: பொதுவாக 40 புள்ளிகளும், 1996 ஆகஸ்ட் 22-க்குப் பிறகு வந்தவர்களானால் ஐந்தாண்டுக் காத்திருப்பும் கேட்பார்கள். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு விதி வேறு. அவர்களுக்கு ஏழாண்டுவரை எஸ்.எஸ்.ஐ. உண்டு. இலங்கையிலிருந்து அப்படி வந்தவர்கள் வக்கீலிடம் இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

வக்கீல் எப்போது வேண்டும்

எல்லோருக்கும் வேண்டாம். ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோய், கணையப் புற்றுநோய் போன்ற கடும் நோய்களுக்கென்று விரைவு அனுமதிப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் உங்கள் நோய் இருந்து, மருத்துவச் சான்றும் தெளிவாக இருந்தால் நீங்களே மனுப் போடலாம். அங்கே வக்கீல் செய்ய அதிகம் எதுவும் இல்லை.

மற்றபடி, முதல் மனுக்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்படுகின்றன. பிறகு நான்கு படிகள்: மறுபரிசீலனை, நிர்வாகச் சட்ட நீதிபதி முன் விசாரணை, மேல்முறையீட்டு மன்றம், கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம். ஒவ்வொரு படிக்கும் 60 நாள். கடிதம் வந்து சேர ஐந்து நாள் கூடுதலாகத் தருகிறார்கள். இவற்றில் மனிதர் முகம் பார்த்து, அல்லது குரலாவது கேட்டு, முடிவு சொல்லும் இடம் விசாரணைதான். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, விசாரணையில் வக்கீல் போன்ற பிரதிநிதியோடு வந்தவர்களுக்குத் தொகை அனுமதிக்கப்பட்ட விகிதம், தனியாக வந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. வலுவான வழக்குகளைத்தான் வக்கீல்கள் எடுக்கிறார்கள் என்பதும் இதில் கலந்திருக்கும். இருந்தாலும் மூன்று மடங்கு.

என் கருத்து: முதல் நிராகரிப்புக் கடிதம் வந்த வாரமே வக்கீலைத் தேடுங்கள். விசாரணைத் தேதி வந்த பிறகு தேடினால், கோப்பைப் படிக்க நேரமில்லை என்று நல்லவர்கள் விலகிக்கொள்வார்கள்.

போன் செய்வதற்கு முன்

நிராகரிப்புக் கடிதத்தின் தேதியைக் காலண்டரின் முன்பக்கத்தில் வட்டமிடுங்கள். அன்றிலிருந்து 60-வது நாளையும் குறியுங்கள். வக்கீல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த நாளுக்குள் மேல்முறையீட்டை நீங்களே இணையத்தில் பதிந்துவிடலாம். அதற்கு வக்கீல் கையெழுத்து வேண்டியதில்லை. ஐந்து காசு செலவும் இல்லை. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஏற்பார்கள்தான். மருத்துவமனையில் கிடந்தேன், கடிதமே வரவில்லை என்பவை காரணங்கள். காலண்டருக்குப் பின்னால் வைத்தேன் என்பதை யாரிடம் சொல்வது?

பிறகு ஒரே ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியில் வேலை நின்றது, கடைசி ஐந்தாண்டுகளில் என்னென்ன வேலை, எந்தெந்த மருத்துவர், என்ன மருந்து, இப்போது ஏதாவது சம்பாதிக்கிறீர்களா. கடைசிக் கேள்வி முக்கியம். 2025 கணக்குப்படி மாதம் 1,620 டாலருக்கு மேல் உழைத்துச் சம்பாதித்தால், பார்வையற்றவரானாலொழிய, வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பெரும்பாலான வக்கீல்கள் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்பதும் இதைத்தான்.

எங்கே தேடுவது

முதல் இடம் இலவசச் சட்ட உதவி. 1974-ல் நாடாளுமன்றம் உருவாக்கிய லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷனின் நிதியில் எல்லா மாநிலங்களிலும் சட்ட உதவி அலுவலகங்கள் இயங்குகின்றன. வருமானம் பொதுவாக வறுமைக் கோட்டின் 125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அதற்குள் வந்துவிடுவார்கள், தங்களுக்கே தெரியாமல். ஆள் பற்றாக்குறையால் சிலரைத் திருப்பியும் அனுப்புவார்கள், கேட்பதில் நட்டமில்லை. சட்டக் கல்லூரிகள் சிலவற்றில் மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் இதே வழக்குகளை இலவசமாக நடத்துகிறார்கள். அவர்கள் உங்கள் கோப்பைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிப்பார்கள்.

கட்டணம் வாங்குபவர்களில், என்.ஓ.எஸ்.எஸ்.சி.ஆர். என்ற தேசிய அமைப்பு இந்த ஒரு துறையிலேயே வேலை செய்யும் பிரதிநிதிகளின் சங்கம். தன் உறுப்பினர்களை அது கைகாட்டும். மாநில, கவுன்டி வக்கீல் சங்கங்களின் பரிந்துரைச் சேவையும் உண்டு. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். எந்த வக்கீல் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு விடாமல் நச்சரிக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். அப்படி நச்சரிப்பவரே நமக்கு வேண்டியவர்.

வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்த வக்கீல், விசா வக்கீல், கோயில் கமிட்டியில் இருக்கும் வக்கீல் ஆகியோர் நல்லவர்களாகவே இருக்கலாம். இந்த வேலைக்கு அவர்களை அமர்த்தாதீர்கள். பல்வலிக்கு எலும்பு மருத்துவரிடம் யாரும் போவதில்லை.

வக்கீல் அல்லாத பிரதிநிதிகளும் உண்டு. தேர்வு எழுதி, பின்னணிச் சோதனை முடித்து, தொழில் காப்பீடும் எடுத்தவர்களுக்குச் சோஷியல் செக்யூரிட்டி நேரடியாகக் கட்டணம் தருகிறது. விசாரணைவரை அவர்கள் போதும். கூட்டாட்சி நீதிமன்றம்வரை வழக்குப் போனால் வக்கீல்தான் வேண்டும். குடும்பத்தில் ஒருவரே இலவசமாகப் பிரதிநிதியாகவும் இருக்கலாம். நான் அதை யோசித்து, என் தகுதி தெரிந்து, விட்டுவிட்டேன்.

தொலைக்காட்சியிலும் பேருந்து முதுகிலும் சிரிக்கும் முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய நிறுவனங்கள் எல்லாம் மோசம் என்பதில்லை. ஆனால் விளம்பரம் திறமைக்குச் சான்றாகாது. கென்டக்கியின் எரிக் கான் ஊரெங்கும் விளம்பரத் தட்டி வைத்தவர். அலுவலக வாசலில் பிரம்மாண்டமான லிங்கன் சிலையே நிறுத்தியிருந்தார். நீதிபதி ஒருவருக்கு லஞ்சம் கொடுத்து, போலி மருத்துவச் சான்றுகளோடு வழக்குகளை ஜெயித்துக்கொண்டிருந்தார். 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனைக்கு முன் தப்பியோடி, அந்த ஆண்டு டிசம்பரில் ஹோண்டுராஸில் பீட்சா கடை ஒன்றின் முன் பிடிபட்டார். அவர் சிறைக்குப் போனதோடு கதை முடியவில்லை. உண்மையாகவே நோயுற்றிருந்தவர்கள் உட்பட, அவருடைய கட்சிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் இயலாமையை மறுபடி நிரூபிக்க வேண்டியதாயிற்று.

முதல் பேச்சில் என்ன கேட்பது

முதல் ஆலோசனைக்குப் பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள். எவ்வளவு கட்டணம் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அது சட்டத்தால் ஏறத்தாழ ஒரே மாதிரி. அதனால்தான் மலிவான வக்கீலைத் தேடுவதில் பொருளில்லை. அதே விலைக்குக் கிடைப்பவர்களில் யார் உங்கள் கோப்பைப் படிப்பார் என்பதே தேடல்.

நான் கேட்டவை இவை. என் அண்ணனோடு விசாரணையில் பேசப் போவது நீங்களா, அல்லது அன்று காலை நியமிக்கப்படும் வேறொருவரா? மருத்துவக் குறிப்புகளை யார் கேட்டு வாங்குவார்கள்? விசாரணைக்கு எத்தனை நாள் முன்பு அவரோடு உட்கார்ந்து பேசுவீர்கள்? எங்கள் பகுதி விசாரணை அலுவலக நீதிபதிகள் முன் வாதாடியிருக்கிறீர்களா? தோற்றால் கூட்டாட்சி நீதிமன்றம்வரை வருவீர்களா?

மூன்று பேரிடம் பேசினேன். ஒருவரின் அலுவலகத்தில் வக்கீலே வரவில்லை. இனிய குரலில் ஒரு பெண் படிவத்தை வாசித்துக்கொண்டே போனார், கேள்விகளுக்கு “எல்லாம் பார்த்துக்கொள்வோம்” என்பதே பதில். இன்னொருவர் “நிச்சயம் ஜெயிப்போம்” என்றார். எந்தக் குறிப்பையும் பார்க்காமல் நிச்சயம் என்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கல்யாணத் தரகர் நினைவு வருகிறது. மூன்றாமவர் வயதானவர், கொஞ்சம் சிடுசிடுப்பு. அண்ணனைப் பார்த்து “இடது கையால் பால் கேனைத் தூக்க முடியுமா? எத்தனை தடவை கீழே போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அவரையே பிடித்தோம்.

கையெழுத்திடும் முன் அவருடைய உரிமத்தையும், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதையும் மாநில இணையதளத்தில் பாருங்கள். பத்து நிமிட வேலை.

கட்டணம்: எவ்வளவு, யார் கொடுப்பது

ஜெயித்தால்தான் கட்டணம். தோற்றால் கிடையாது. ஜெயித்தால், அதுவரை சேர்ந்த நிலுவைத் தொகையில் 25 சதவீதம் அல்லது, 2025 கணக்குப்படி, 9,200 டாலர், இரண்டில் எது குறைவோ அது. இந்த உச்சவரம்பு 2024 நவம்பர் 30-ல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் 7,200, அதற்கும் முன் 2009 முதல் 6,000. அவ்வப்போது ஏற்றுகிறார்கள், கையெழுத்திடும் நாளின் வரம்பு அல்ல, தீர்ப்பு வரும் நாளில் என்ன வரம்போ அதுவே பொருந்தும். இனி மாதந்தோறும் வரப்போகும் தொகையில் வக்கீலுக்குப் பங்கு இல்லை.

பணம் உங்கள் கையிலிருந்தும் போவதில்லை. சோஷியல் செக்யூரிட்டியே நிலுவையிலிருந்து பிடித்து வக்கீலுக்கு அனுப்பிவிடும். அப்படி அனுப்புவதற்கு ஒரு சிறு தொகையை வக்கீலின் கட்டணத்திலிருந்து கழித்துக்கொள்ளும். அதை உங்கள் தலையில் கட்ட அவருக்கு உரிமையில்லை.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். எஸ்.எஸ்.டி.ஐ.யில் நோய் தொடங்கியபின் முழுதாக ஐந்து மாதங்களுக்குப் பணம் இல்லை. 2023 ஜனவரி நடுவில் வேலை நின்றவருக்குப் பிப்ரவரி முதல் ஜூன்வரை கழியும், ஜூலையிலிருந்து சேரும். 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தால் 2024 டிசம்பர்வரை 18 மாதம். மாதம் 1,600 என்றால் நிலுவை 28,800. கால் பங்கு 7,200. அது வரம்புக்குள் இருப்பதால் வக்கீலுக்கு 7,200. அண்ணனுக்கு 33 மாதம், சுமார் 50,800. கால் பங்கு 12,700 என்றாலும் 9,200-க்கு மேல் போகவில்லை. உங்கள் கணக்கில் குழந்தைகளுக்கும் தொகை சேர்ந்திருந்தால் அவர்களுடைய நிலுவையும் இந்தக் கால் பங்குக் கணக்கில் வரும்; பலர் அதை எதிர்பார்ப்பதில்லை.

முன்பணம் கேட்டால்? நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் கட்டணம் வாங்குவது சட்டவிரோதம். அனுமதி வரும்வரை எடுக்க முடியாத அறக்கணக்கில் போட்டு வைக்கலாம் என்ற விதிவிலக்கு உண்டு, ஆனால் இந்தத் துறையில் அதைக் கேட்பவர் அரிது. “படிவம் நிரப்ப ஐந்நூறு டாலர், ரொக்கமாக” என்று நம் சமூகத்துக்குள்ளேயே சுற்றும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அண்ணனிடமும் ஒருவர் கேட்டார். கும்பிடு போட்டு அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் படிக்க வேண்டிய வரிகள்

ஒப்பந்தம் இரண்டு பக்கம்தான் இருக்கும். கூடவே எஸ்.எஸ்.ஏ.-1696 என்ற நியமனப் படிவம். மூன்று இடங்களில் நிறுத்துங்கள்.

முதலாவது செலவுகள். கட்டணம் வேறு, செலவு வேறு. மருத்துவக் குறிப்புகளின் நகல், மருத்துவர் நிரப்பித் தரும் படிவத்துக்கான பணம், தபால் எல்லாம் செலவு. இவற்றுக்கு 25 சதவீத வரம்பு பொருந்தாது. தோற்றாலும் செலவைத் தர வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். எங்கள் ஒப்பந்தத்தில் “செலவுகள்” என்று மொட்டையாக இருந்தது. “200 டாலருக்கு மேல் போனால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்” என்று ஓரத்தில் எழுதச் சொன்னேன். சிடுசிடுப்புக்காரர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டார். முடிவில் 140 டாலர்தான் ஆனது.

இரண்டாவது, உச்சவரம்பு எதுவரை. முதல் விசாரணைவரை மட்டுமே வரம்பு, அதற்கு மேலே போனால் தனியாகக் கட்டண மனுப் போடுவேன் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. இது முறையற்றதில்லை, மேலே போக உழைப்பு அதிகம். அந்த மனுவில் அவர் செலவழித்த மணிநேரத்தைக் காட்ட வேண்டும், நியாயமான தொகையை நிர்வாகம் முடிவு செய்யும். தெரிந்து கையெழுத்திடுங்கள், அவ்வளவே.

மூன்றாவது, விலகல். இதுதான் பலரைக் கவிழ்ப்பது. நடுவழியில் வக்கீலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முதல் வக்கீல் தன் கட்டணத்தை விட்டுக்கொடுக்காவிட்டால் எளிய ஒப்பந்த முறை (கால் பங்கு அல்லது உச்சவரம்பு) செல்லாமல் போய், இருவரும் தனித்தனியே கட்டண மனுப் போட வேண்டிவரும். இந்தத் தலைவலிக்குப் பயந்து இரண்டாம் வக்கீல்கள் வழக்கைத் தொடவே தயங்குவார்கள். பழையவரிடம் “கட்டணம் கோரமாட்டேன்” என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு புதியவரிடம் போங்கள்.

நிறுவனத்தின் காப்பீடு உள்ளவர்கள் கவனிக்க

மென்பொருள் நிறுவனங்களில் இருக்கும் பலருக்கு நீண்டகால இயலாமைக் காப்பீடும் இருக்கும். அந்தக் காப்பீட்டு நிறுவனமே “உங்களுக்கு எஸ்.எஸ்.டி.ஐ. வாங்கித் தர ஆள் அனுப்புகிறோம், செலவு எங்களுடையது” என்று சொல்லும். தர்மமாகத் தோன்றும். உங்களுக்கு எஸ்.எஸ்.டி.ஐ. கிடைத்தால் அந்த அளவுக்குத் தான் தருவதைக் குறைத்துக்கொள்ளலாம், கொடுத்ததைத் திருப்பியும் கேட்கலாம் என்று பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. ஆக உங்கள் நிலுவைத் தொகை ஒரு கையில் வந்து மறு கையில் போய்விடலாம். நிலுவை முழுவதையும் செலவழித்துவிட்டு விழித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர்கள் அனுப்பும் ஆளை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் பாலிசியின் கழிவுப் பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தக் காப்பீட்டையே நிறுவனம் மறுத்துவிட்டால் அது வேறு வழக்கு, வேறு வக்கீல். அங்கே 9,200 டாலர் வரம்பெல்லாம் கிடையாது.

வக்கீல் வந்துவிட்டார், இனி உங்கள் வேலை

வக்கீல் வந்ததும் கோப்பை எடுத்துப் பார்த்தார். அண்ணன் தானே நிரப்பிய அன்றாடச் செயல்பாட்டுப் படிவம் அதில் இருந்தது. “உணவு தயாரிப்பீர்களா?” என்ற கேள்விக்கு “ஆம், தினமும்” என்று எழுதியிருந்தார். நிராகரிப்புக் கடிதத்தில் அதையே எடுத்துக் காட்டியிருந்தார்கள். உண்மை என்ன? அரிசியை அண்ணி களைந்து குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போவார். அண்ணன் பதினொரு மணிக்கு வலது கை விரலால் சுவிட்சைத் தட்டுவார். “தினமும் சமைக்கிறேன்” என்பதன் பொருள் இவ்வளவுதான்.

நம் ஆண்களுக்கு இது ஒரு நோய். யார் கேட்டாலும் “பரவாயில்லை, சமாளித்துவிடுவேன்.” வக்கீல் அவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்து அந்தப் பரவாயில்லையைக் கழற்றினார். மிகைப்படுத்தச் சொல்லவில்லை. ஒரு சட்டைக்குப் பொத்தான் போட எத்தனை நிமிடம், அதில் எத்தனை தடவை உட்கார வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

மொழிபெயர்ப்பாளரைத் தயங்காமல் கேளுங்கள். சோஷியல் செக்யூரிட்டி இலவசமாகத் தரும். 1-800-772-1213 எண்ணில் பேசும்போதும் கேட்கலாம், விசாரணைக்கும் கேட்கலாம். அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியும், கடையில் பேசும் அளவுக்கு. ஆனால் தோள் குடைவதும், விரல் மரத்துப்போவதும், முழங்கையில் விண்விண்ணென்று தெறிப்பதும் அவர் ஆங்கிலத்தில் எல்லாமே ஒரே ‘பெயின்’தான். தமிழில் சொன்னபோது மூன்றும் மூன்று விதமாகப் பதிவாயின.

மருத்துவரிடம் போவதை நிறுத்தாதீர்கள். குறிப்புகளில் ஆறு மாத இடைவெளி இருந்தால் நலமாகிவிட்டார் என்று வாசிப்பார்கள். ஆதாரங்களை விசாரணைக்கு ஐந்து வேலைநாள் முன்பே அனுப்ப வேண்டும், அல்லது இன்னது வரவேண்டியிருக்கிறது என்றாவது தெரிவிக்க வேண்டும். வக்கீலுக்கு இரண்டு வாரம் முன்பே போன் செய்து, எல்லாம் போயிற்றா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

விசாரணை நாள்

2024 அக்டோபரில், தொலைபேசியில். சாப்பாட்டு மேசை நடுவில் போனை வைத்து அண்ணனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நீதிபதி, வக்கீல், மொழிபெயர்ப்பாளர், தொழில் நிபுணர் என்று நான்கு குரல்கள். தொழில் நிபுணர் என்பவர் உங்கள் நிலையில் உள்ளவருக்கு நாட்டில் என்ன வேலை இருக்கிறது என்று சொல்ல வருபவர். பழைய கிடங்கு வேலை முடியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வண்டி நிறுத்துமிடத்தில் காசு வாங்கும் வேலை செய்யலாம் என்றார். அண்ணன் முகம் விழுந்துவிட்டது.

வக்கீல் இரண்டே கேள்வி கேட்டார். “அந்த வேலையில் இடது கையை எப்போதாவது மட்டுமே பயன்படுத்த முடிந்தால்?” நிபுணர் கொஞ்சம் யோசித்து, வேலைகள் வெகுவாகக் குறையும் என்றார். “அதோடு மாதத்தில் இரண்டு நாள் வர முடியாமல் போனால்?”

“அப்படியானால் எந்த வேலையும் இல்லை.”

மாதம் இரண்டு நாள் என்பது வக்கீலின் கற்பனை இல்லை. சிகிச்சைக்குப் போன நாட்களை மருத்துவக் குறிப்புகளில் எண்ணி வைத்திருந்தார். 9,200 டாலர் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஒன்றரை நிமிடத்தைத்தான் சொல்வேன். வயதும் உதவியது: 50 வயதுக்கு மேல், இன்னும் அதிகமாக 55-க்கு மேல், புதுத் தொழில் கற்றுக்கொள் என்று விதிகள் வற்புறுத்துவதில்லை. நாற்பது வயதுக்காரருக்கு இதே கோப்பு தோற்றிருக்கலாம்.

தோற்றால்

மேல்முறையீட்டு மன்றத்துக்கு 60 நாள். அங்கும் மறுத்தால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம். அங்கே பதிவுக் கட்டணம் 405 டாலர். வசதியில்லாதவர் விலக்குக் கேட்கலாம். நீதிமன்ற வேலைக்கு வக்கீல் கட்டணம் தனி: நிலுவையில் 25 சதவீதம்வரை, நியாயமானதுதானா என்று நீதிபதியே பார்ப்பார். அரசுத் தரப்பு நிலைப்பாட்டுக்கு நியாயம் இல்லை என்றால் அரசே வக்கீல் செலவைத் தர வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. இரண்டும் கிடைத்தால் சிறிய தொகையை வக்கீல் உங்களிடம் திருப்பித் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ஜெயித்தால்

2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதற்குச் சில வாரம் கழித்துத் தொகை விவரக் கடிதம் வரும். எந்த மாதத்திலிருந்து கணக்கு, மொத்த நிலுவை எவ்வளவு, வக்கீலுக்குப் பிடித்தது எவ்வளவு என்று அதில் இருக்கும். மூன்றையும் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். மெடிகேர் மருத்துவக் காப்பீடு எஸ்.எஸ்.டி.ஐ. உரிமை தொடங்கிய 24 மாதம் கழித்துத்தான் தொடங்கும். அண்ணனுக்கு அந்தக் காலம் வழக்கிலேயே கழிந்துவிட்டது.

கட்டணம் அதிகம் என்று தோன்றினால், ஒப்பந்த முறையில் அதை எதிர்த்துக் கேட்க அறிவிப்பு வந்ததிலிருந்து 15 நாள்தான். எழுத்தில் கேட்க வேண்டும். எங்களுக்கு அதற்கு அவசியம் இருக்கவில்லை. இருந்தாலும் அண்ணி அந்தக் கடிதத்தை அண்ணன் கையிலிருந்து வாங்கி, பிரிட்ஜின் கதவில் நாலு காந்தம் வைத்து ஒட்டிவிட்டார்.